நேற்று, காணாமல் போன குட்டி: ஏழாம் வகுப்பில் காற்புள்ளி கற்பித்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஏழாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தால், காற்புள்ளி விஷயத்தில் மூன்று வகைப் பிள்ளைகள் தெரிவார்கள். ஒரு பக்கம் முழுக்க ஒன்றுகூடப் போடாதவர்கள் முதல் வகை. வரி முடியும் இடத்திலெல்லாம் ஒன்று போடுகிறவர்கள் இரண்டாம் வகை. வாக்கியம் முடிந்ததா, நடுவில் நிற்கிறதா என்ற கவலையே கிடையாது, தாளின் ஓரம் வந்துவிட்டால் ஒரு காற்புள்ளி. மூன்றாம் வகை, தாளிப்புக்குக் கடுகு போடுவதுபோல் தூவுகிறவர்கள். இத்தனைக்கும் ‘காற்புள்ளி வரும் இடங்கள் யாவை?’ என்று தேர்வில் கேட்டால் மூன்று வகையினருமே முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். பொருள்களைத் தனித்தனியே எண்ணும் இடம், விளிக்குப் பின், வினையெச்சத்துக்குப் பின், மேற்கோளுக்கு முன், ‘ஆனால்’ ‘எனவே’ போன்ற இணைப்புச் சொற்களுக்குப் பின் என்று நான் கரும்பலகையில் எழுதிப் போட்ட பட்டியல்தான். அது நோட்டின் ஒரு பக்கத்தில் இருக்கும், கட்டுரை அடுத்த பக்கத்தில் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை.

தேனி மாவட்டத்தில், மேகமலை அடிவாரத்து ஊர் ஒன்றின் நடுநிலைப் பள்ளியில் ஐந்து பாடவேளை எடுத்து நான் செய்து பார்த்ததை இங்கே பதிவு செய்கிறேன். நினைத்தபடி நடந்ததைவிட நினைத்தது கவிழ்ந்த இடங்களில்தான் எனக்கு விஷயம் கிடைத்தது. அதனால் அவற்றைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதியிருக்கிறேன்.

பனுவல்

விலங்கைப் பற்றிய பத்தி ஒன்று வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். விலங்கு என்றால் பிள்ளைகளுக்குச் சொந்தக் கருத்து இருக்கும். வாக்கியத்தின் பொருளைப் பற்றிச் சண்டை போட ஆள் இருந்தால்தான் குறியின் அருமை தெரியும். யானை, புலி எல்லாம் பாடநூலில் போதுமான அளவு வந்துவிட்டன. எங்கள் வகுப்பு ஜன்னலில் தெரிகிற மலையிலேயே வரையாடு இருக்கிறது. தமிழ்நாட்டின் மாநில விலங்கும் அதுதான். வரை என்றால் மலை. சங்கப் பாட்டில் வருடை என்று வருவதும் மலையாடுதான். வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் வெள்ளாடோ செம்மறியோ நிற்கிறது. காட்டு ஆட்டைப் பார்த்ததில்லை என்றாலும் ஆட்டைத் தெரியும்.

நானே எழுதிய பத்தி இது. ஒரு காற்புள்ளிகூட வைக்கவில்லை. இரண்டு இடங்களில் வல்லின மெய்யையும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன்.

“மேகமலையின் உச்சியில் புல்வெளி பாறை சோலை ஆகிய மூன்றும் அடுத்தடுத்து இருக்கும். வரையாடு அங்கே வாழ்கிறது. வெயில் ஏறுமுன் கூட்டமாக வந்து புல் மேயும். புலி சிறுத்தை செந்நாய் ஆகியவை அதன் பகை. ஆபத்து வந்தால் காவல் நிற்கும் ஆடு சீழ்க்கை போல ஒலி எழுப்பும். அதைக் கேட்டதும் மற்ற ஆடுகள் செங்குத்துப் பாறையில் ஏறி குதித்து மறையும். நேற்று காணாமல் போன குட்டியைத் தேடிய தாய் பாறை இடுக்கில் நின்றது. குட்டி ஓடு என்று அது சொல்லியிருக்குமோ? தமிழ்நாட்டில் 2025 கணக்கெடுப்பின்படி 1,303 வரையாடுகள் இருக்கின்றன. 2024 கணக்கெடுப்பில் இருந்தவை 1,031.”

இதைச் சார்ட்டில் பெரிய எழுத்தில் எழுதி, ஐந்து பேருக்கு ஒரு சார்ட் என்று தரையில் விரித்தேன். காற்புள்ளிக்குப் பதில் புளியங்கொட்டை. செலவில்லாதது என்பது ஒரு காரணம், ஆனால் அது பெரிய காரணமில்லை. பென்சிலால் போட்டதைப் பிள்ளைகள் லேசில் அழிக்க மாட்டார்கள். அழித்தால் தப்பு என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். கொட்டையைத் தள்ளி வைப்பதில் அந்தக் கூச்சம் இல்லை.

மூச்சு

முதல் நாள் எனக்குச் சொல்லிக்கொடுத்த வழியிலேயே தொடங்கினேன். கால், அரை, முக்கால், முழு. காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை நிறுத்தம், அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு. (கால் என்றால் பாதம் என்றே இத்தனை நாள் நினைத்திருந்ததாக ஒரு பையன் சொன்னான். புள்ளிக்குக் கீழே ஒரு கால் தொங்குகிறதே, அதனால்தானாம். அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.) ஏட்டுச்சுவடியில் இந்தக் குறி எதுவும் கிடையாது, அச்சு வந்த பிறகு, 19-ஆம் நூற்றாண்டில்தான் இவை தமிழ் உரைநடையில் ஊன்றின, அதில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலருக்குப் பெரிய பங்கு உண்டு என்றும் சொன்னேன். பிறகு, “வாய்விட்டுப் படியுங்க. எங்கே நிக்கிறீங்களோ அங்கே ஒரு கொட்டை வையுங்க” என்று விட்டேன்.

சரளமாகப் படிக்கிற பிள்ளைகளின் சார்ட்டுகள் பரவாயில்லை. புல்வெளி, பாறை, சோலை மூன்றும் தானாகப் பிரிந்தன. கடைசி பெஞ்சுப் பக்கம் போனபோது ஒரு சார்ட்டில் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் ஒரு கொட்டை இருந்தது. கோலப்புள்ளி வைத்த மாதிரி ஒழுங்கான வரிசை. வைத்தது எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஒரு பிள்ளை. அவளுடைய குழு பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

“ஏன் பாப்பா இத்தனை?”

“நான் நின்ன எடத்துலதான் டீச்சர் வச்சேன்.”

அவள் சொன்னது சரி. நான் சொன்னதை அந்த வகுப்பிலேயே முழுசாகச் செய்தவள் அவள்தான். சொல்லுக்குச் சொல் நிற்கிற பிள்ளையிடம் ‘நிற்கும் இடத்தில் வை’ என்றால் வேறென்ன செய்வாள்? மூச்சைக் கணக்காக வைத்துக் கற்பித்தால், ஏற்கெனவே நன்றாகப் படிப்பவருக்குத்தான் காற்புள்ளி வரும். எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்து படிக்கத்தான் அந்தக் குறியே. அதை நிற்கத் தெரிந்தவர்களை வைத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன், பல வருஷமாக.

அன்றைக்கு இன்னொரு அடியும் விழுந்தது. முன் வரிசைப் பையன் ஒருவன் சார்ட்டின் கடைசி வரிகளைக் காட்டி, “டீச்சர், ஆயிரத்து முந்நூத்தி மூணுல போட்டிருக்கீங்களே, அதுவும் காற்புள்ளிதானே? அங்கயும் மூச்சு விடணுமா?” என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆயிரத்தையும் மீதியையும் கண் பிரித்துப் பார்க்கட்டும் என்றுதான் அங்கே அந்தக் குறி. அதற்கும் மூச்சுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மணி அடித்துவிட்டது. கொட்டைகளை டப்பாவில் அள்ளிக்கொண்டு போனேன்.

யார் கையை யார் பிடிப்பது

இரண்டாம் நாள் மூச்சைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டேன்:

நேற்று காணாமல் போன குட்டியைத் தேடிய தாய் பாறை இடுக்கில் நின்றது.

“குட்டி எப்போ தொலைஞ்சது?” என்று கேட்டேன். “நேத்து” என்று பாதி வகுப்பு. வீட்டில் ஆடு வைத்திருக்கும் ஒரு பையன் எழுந்தான். லீவு நாளில் அவன்தான் பட்டியை ஓட்டிக்கொண்டு போகிறவன்.

“அப்படி இருக்காது டீச்சர். நேத்துத் தொலைஞ்ச குட்டிய இந்நேரம் செந்நாய் தின்னுருக்கும். குட்டி காணோம்னா ஆடு அப்பவே கத்திக்கிட்டுத் தேடும். நேத்துதான் அது தேடிப் போயி இடுக்குல நின்னுருக்கு.”

“எங்க ஆடு மூணு நாள் கத்துச்சு” என்றாள் ஒரு பெண். “பஞ்சாரத்துக்குள்ள கெடந்த குட்டிய நாய் தூக்கிருச்சு. மூணு நாளும் பஞ்சாரத்தையே சுத்திச் சுத்தி வந்துச்சு. நேத்துத் தொலைஞ்சா இன்னைக்கும் தேடும்.”

ஆட்டைப் பற்றிய சண்டை பத்து நிமிஷம் ஓடியது. நான் தடுக்கவில்லை. இரண்டு பேரும் ‘நேற்று’ என்ற ஒரு சொல்லுக்காகத்தான் அடித்துக்கொள்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அப்புறம் அட்டைகளை எடுத்தேன். ‘நேற்று’, ‘காணாமல் போன’, ‘குட்டியைத்’, ‘தேடிய’, ‘தாய்’, ‘பாறை இடுக்கில்’, ‘நின்றது’. ஏழு பேர் ஆளுக்கொன்றைப் பிடித்து வரிசையாக நின்றார்கள். ‘நேற்று’ அட்டை ஆட்டுக்காரப் பையன் கையில்.

“நீ யாரோட கையைப் பிடிக்கப் போற?”

பக்கத்தில் நின்ற ‘காணாமல் போன’ கையை நீட்டினாள். அவன் பிடிக்கவில்லை. வரிசையின் அந்தக் கோடியில் நிற்கும் ‘நின்றது’ தான் தன் ஆள் என்றான். அவ்வளவு தூரம் கை எட்டாது. அதனால் பக்கத்துக் கையை விட்டுவிட்டு ஓரடி விலகி நின்றான். அங்கே ஓர் இடைவெளி விழுந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கிற அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டேன். கையில் ஒரு புளியங்கொட்டையைக் கொடுத்தேன். “இதை எங்கே வைக்கலாம்?” அவள் யோசிக்கவே இல்லை. நேராகப் போய் அந்த இடைவெளியில் நின்றுகொண்டாள்.

நேற்று, காணாமல் போன குட்டியைத் தேடிய தாய் பாறை இடுக்கில் நின்றது.

அடுத்து, பஞ்சாரக் கதை சொன்ன பெண்ணிடம் ‘நேற்று’ அட்டையைக் கொடுத்தேன். அவள் பக்கத்துக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இடைவெளி இல்லை, கொட்டைக்கு இடமில்லை. “இப்போ இந்த ரெண்டு சொல்லும் ஒட்டிக்கிச்சே, ஒட்டிக்கிட்டதைத் தமிழ்ல எப்படிக் காட்டுவோம்?” என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு ஒரு குரல்: “க் போடுவோம்.”

நேற்றுக் காணாமல் போன குட்டியைத் தேடிய தாய் பாறை இடுக்கில் நின்றது.

இந்த ஐந்து நாளில் உருப்படியாக நடந்தது இதுதான் என்பேன். வலி மிகும் இடம், மிகா இடம் என்று நாம் தனியாக ஒரு மாதம் நடத்துகிறோம். நிறுத்தக்குறியை வேறொரு மாதத்தில், வேறொரு பாடமாக நடத்துகிறோம். பிள்ளைக்கு இரண்டும் இரண்டு மனப்பாடம். உண்மையில் ஒன்று ஒட்டுகிறது, மற்றது வெட்டுகிறது. ‘க்’ வந்தால் இரண்டு சொல்லும் கை கோத்துவிட்டன. காற்புள்ளி வந்தால் கையை விட்டுவிட்டன. ஒரே இடத்தில் இரண்டும் இருக்க முடியாது.

விக்கல்

ஆனால் இருந்தது. மூன்றாம் நாள், பாறையில் ஏறும் வாக்கியத்துக்கு வந்தபோது ஒரு குழு ‘ஏறிக், குதித்து’ என்று வைத்திருந்தது. சார்ட்டில் ‘ஏறி’க்குப் பக்கத்தில் ஸ்கெட்ச்சால் ஒரு ‘க்’ எழுதி, அதன் மேல் ஒரு கொட்டை. கட்டுரை நோட்டுகளில் மட்டும் இல்லை, கல்யாணப் பத்திரிகையிலும் சுவர் விளம்பரத்திலும்கூட இதைப் பார்த்திருக்கிறேன். பெரியவர்கள் செய்கிற தப்புதான்.

தப்பு என்று சொல்லாமல் படிக்கச் சொன்னேன். படித்தவன் ‘ஏறிக்’ என்று சொல்லி நின்றான். தொண்டை அடைத்துக்கொண்டது. மறுபடியும் ‘ஏறிக்’. பின்னாலிருந்து யாரோ, “விக்கல், தண்ணி குடுங்க” என்றார்கள். அவ்வளவுதான், அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் அந்தப் பிழைக்குப் பெயர் விக்கல். நோட்டில் அப்படி வந்தால் நான் ஓரத்தில் ‘விக்கல்’ என்று எழுதினாலே போதும், அவர்களாகவே திருத்திவிடுவார்கள். ஒன்று ‘ஏறிக் குதித்து’ என்று ஒரே மூச்சாகப் போ, இல்லை ‘ஏறி, குதித்து’ என்று வெட்டு. இரண்டுமே சரி. முன்னது ஒரே பாய்ச்சல், பின்னதில் ஏறுவது ஒரு காட்சி, குதிப்பது அடுத்த காட்சி.

இங்கே வினையெச்ச விதியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ‘வினையெச்சத்துக்குப் பின் காற்புள்ளி’ என்று பொதுவாகச் சொல்வது கெடுதல் என்றே நினைக்கிறேன். மூன்றாம் நாள் வீட்டுப்பாடத்தில் ஒரு பிள்ளை, “ஆடு வந்து, நின்று, பார்த்து, திரும்பி, ஓடி, போனது” என்று எழுதியிருந்தது. விதிப்படி பிழை இல்லை. படித்தால் நொண்டுகிறது. ‘ஓடிப் போனது’ இரண்டு செயல் இல்லை, ஒரே செயல். ‘வந்து நின்று’ என்பதும் ஏறக்குறைய அப்படித்தான். “ஆடு வந்து நின்று பார்த்து, திரும்பி ஓடிப்போனது” என்று ஒரே ஒரு காற்புள்ளி மிச்சம் வைத்தோம். ஏன் அந்த இடம் என்று கேட்டதற்கு அந்தப் பிள்ளை சொன்ன பதில்: “அது வரைக்கும் ஆடு நம்மளப் பார்க்குது, அதுக்கப்புறம் முதுகைக் காட்டுது.” நான் எழுதியிருந்தால் இவ்வளவு சுருக்கமாக வந்திருக்காது.

மிச்சம்

விளிக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. ‘குட்டி ஓடு’ என்பதைக் காற்புள்ளி இல்லாமல் படித்ததும், “சின்ன ஓடா டீச்சர், வீட்டுக் கூரையில போடுறதா?” என்று கேட்டுவிட்டார்கள். ‘குட்டி, ஓடு!’ என்று தாங்களே மாற்றிவிட்டார்கள்.

எண்ணுவதில்தான் ஒரு சிக்கல். ‘புலி, சிறுத்தை, செந்நாய் ஆகியவை’ என்று சரியாகப் போட்டவர்களே ‘புலியும், சிறுத்தையும், செந்நாயும்’ என்றும் போட்டார்கள். உம் வந்துவிட்டால் அதுவே எண்ணும் வேலையைச் செய்துவிடுகிறது. அங்கே காற்புள்ளி கூலி இல்லாத ஆள். அதைவிடத் தொந்தரவு ‘புலி, சிறுத்தை, மற்றும் செந்நாய்’. இது ஆங்கில வகுப்பிலிருந்து நடந்து வந்தது என்று முகத்தைப் பார்த்தாலே தெரியும். நான் ‘மற்றும்’ என்ற சொல்லையே அந்த வாரம் தடை செய்தேன். உம்மையோ ‘ஆகிய’வோ போட்டு எழுதட்டும் என்று விட்டதில் காற்புள்ளிச் சிக்கலில் பாதி தானாகக் கரைந்தது. ‘உம்’முக்குப் பின் போடுவதை மட்டும் இன்னும் முழுசாக நிறுத்த முடியவில்லை. நாளிதழ்களில் அப்படித்தானே வருகிறது என்கிறார்கள். ‘ஆனால்’ என்பதற்குப் பின் காற்புள்ளி போட்டாலும் போடாவிட்டாலும் நான் மதிப்பெண் குறைப்பதில்லை. பொருள் மாறாத இடத்தில் பிடிவாதம் எதற்கு?

ஒரு மாதம் நோட்டுகளைக் கவனித்தேன். விக்கல் ஏறக்குறைய ஒழிந்தது. வரி முடிவில் காற்புள்ளி வைக்கும் பழக்கம்தான் கடைசிவரை மல்லுக்கு நின்றது. அது இலக்கணப் பிழை இல்லை, கைப்பழக்கம். செய்யுளை வரிவரியாகப் பார்த்து எழுதிப் பழகிய கை. அதற்குப் புளியங்கொட்டை உதவவில்லை. அகலமான தாளில் எழுதச் சொன்னபோது கொஞ்சம் குறைந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள். ஆனால் அவள் நோட்டில் தேவையில்லாத காற்புள்ளி இப்போது அபூர்வம். சந்தேகம் வந்தால் இடது கை விரலையும் வலது கை விரலையும் கோத்துப் பார்க்கிறாள், யாருக்கும் தெரியாமல் மேசைக்கு அடியில்.

மறுபடி செய்வதானால் இரண்டை மாற்றுவேன். முதல் நாள் பாடத்தை அப்படியே தூக்கிவிட்டுக் கை கோக்கும் ஆட்டத்திலிருந்து தொடங்குவேன். பத்தியையும் சுருக்குவேன், பத்து வாக்கியம் அதிகம், ‘நேற்று’ வாக்கியம் போல மூன்று நான்கு போதும். வரையாட்டை மாற்ற மாட்டேன். கணக்கெடுப்பு, பகை விலங்கு, 2023-இல் அரசு 25.14 கோடி ரூபாயில் தொடங்கிய வரையாட்டுத் திட்டம், அக்டோபர் 7 வரையாடு தினம் என்று எடுத்துக்கொடுக்க நிறைய இருக்கிறது. (25.14-இல் இருப்பது முற்றுப்புள்ளியா என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும்.)

ஐந்தாம் நாள் ‘எங்கள் வீட்டு விலங்கு’ என்று ஒரு பத்தி எழுதச் சொல்லியிருந்தேன். ஆட்டுக்காரப் பையனின் நோட்டில் இப்படி ஒரு வாக்கியம்: “இரவு பெய்த மழையில் நனைந்த ஆடு குட்டி போட்டது.” ‘இரவு’ என்பதற்குப் பக்கத்தில் ஒரு காற்புள்ளியைப் போட்டு, பிறகு பேனாவால் அடித்திருந்தான். ‘நேற்று’ போல இதற்கு ஒட்டுவதற்கு ‘ப்’ வராது. காற்புள்ளி ஒன்றுதான் வழி. அதைப் போட்டு ஏன் எடுத்தான் என்று தெரியவில்லை. கூப்பிட்டுக் கேட்டேன்.

“மழைதான் டீச்சர் ராத்திரி பெஞ்சுச்சு. குட்டி விடிஞ்சுதான் போட்டுச்சு. அங்க வச்சா ராத்திரியே போட்ட மாதிரி ஆயிருது.”

அடித்திருந்த காற்புள்ளியின் மேல் சிவப்பு மையில் ஒரு சரிக்குறி போட்டு நோட்டைக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, “ரெண்டு குட்டி டீச்சர்” என்றான்.